மழைக்கு முன் ஒரு கவாத்து: குடியிருப்பு மரங்களுக்கான குறிப்புகள்

சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் அக்டோபர் பிறந்தால் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். 'வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு' என்று செய்தி வரும். அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர், "பார்க்கிங் பக்கத்து மரத்தை வெட்டிடலாமா?" என்பார். மறுநாள் ஏணியும் கோடரியுமாக இருவர் வருவார்கள். சாயங்காலத்துக்குள் மரம் மொட்டைத் தண்டாக நிற்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நகரம் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்த பிறகு இந்தப் பயம் கூடியிருக்கிறது. பயத்தில் நியாயம் உண்டு, வெட்டும் முறையில்தான் கோளாறு. மொட்டையடித்த மரம் இந்த வருட மழையைத் தாண்டிவிடும். சில வருடங்களில் வளாகத்திலேயே ஆபத்தான மரம் அதுவாகத்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை பெறும் கடலோர ஊர்களை மனதில் வைத்து எழுதிய குறிப்புகள் இவை.

1. ஆடியில் பாருங்கள், ஆவணியில் வெட்டுங்கள். சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. அதற்குள் வெட்டுக்காயத்தின் விளிம்பில் புதுப்பட்டை உருளத் தொடங்கியிருக்க வேண்டும். ஒரு மாதமாவது அதற்கு அவகாசம் கொடுங்கள். அம்மியைப் பறக்கவிடும் ஆடிக்காற்று எந்தக் கிளை அளவுக்கு மீறி ஆடுகிறது, எது சுவரில் உரசுகிறது, எது முறியக் காத்திருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஆவணியில் வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்துக் காலையிலேயே வேலையை முடியுங்கள். அந்த மாதங்களில் சாயங்கால இடிமழை சென்னைக்குப் புதிதல்ல. ஈரக் காற்றில் பூஞ்சை வித்துகள் பச்சைக் காயத்தைத் தேடி வரும். ஆவணியைத் தவறவிட்டால், மழை ஓய்ந்த தை, மாசி அடுத்த நல்ல பருவம்.

2. வெட்டுவதற்கு முன் ஒரு சுற்று நடந்து வாருங்கள். மேலே பார்ப்பதைவிடக் கீழே பார்ப்பது முக்கியம். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருக்கிறதா? அப்படியென்றால் உள்ளே அழுகல் ஏற்கெனவே வெகுதூரம் போயிருக்கலாம். மரச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று பொந்துச் சத்தம் வந்தால் விவரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட வேண்டியதுதான். மரம் சாய்ந்திருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் விரிந்திருந்தாலோ, தரை புடைத்திருந்தாலோ வேர் பிடியை இழக்கிறது என்று பொருள். காலங்காலமாகச் சாய்ந்தே நிற்கும் மரம் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. போன மழைக்குப் பிறகு புதிதாகச் சாய்ந்ததுதான் அவசரம்.

3. உச்சியை மொட்டையடிக்க விடாதீர்கள். இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இலையெல்லாம் போனதும் மரம் பட்டினி கிடக்கிறது. சேமிப்பில் இருக்கும் மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து வெட்டிய முனையைச் சுற்றிக் கொத்தாகச் சிம்புகளை விடுகிறது. 'பாருங்க, எவ்வளவு பச்சையா தழைச்சிருக்கு' என்று நாம் மகிழ்ந்துபோகிறோம். இயல்பாக வளர்ந்த கிளை, தண்டின் உள்கட்டையோடு வருடா வருடம் பின்னிப் பிணைந்திருக்கும். இந்தச் சிம்புகளோ பட்டைக்கு அடியில் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பவை. இரண்டு மூன்று வருடத்தில் அவை கனத்துவிடும். அதே காலத்தில் அடியில் இருக்கும் பெரிய வெட்டுவாய் மழைநீர் குடித்து உளுத்துப்போயிருக்கும். பிறகு புயல்கூட வேண்டாம், ஒரு கோடை இடிமழையின் காற்றே போதும். கத்தி வைத்து ஆபத்தைக் குறைத்ததாக நினைத்தோம். அதைத் தவணையில் வாங்கியிருக்கிறோம்.

4. ஒரு வருடத்தில் இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வயதான மரமென்றால் அதிலும் பாதி. நிறைய வேலை பாக்கி இருந்தால் இரண்டு மூன்று வருடத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். முதலில் காய்ந்தது, முறிந்தது, நோய் பிடித்தது. அடுத்து ஒன்றோடொன்று உரசும் கிளைகள். அதற்குப் பிறகும் கணக்கில் மிச்சம் இருந்தால்தான் நல்ல கிளை பக்கம் போக வேண்டும். பல மரங்களுக்கு முதல் இரண்டோடு வேலை முடிந்துவிடும்.

5. கிளையை எங்கே வெட்டுவது? கிளை தண்டிலிருந்து புறப்படும் இடத்தில் சற்றே வீங்கிய ஒரு வளையம் இருக்கும். மேல்பக்கம் பட்டை சுருங்கி ஒரு வரி தெரியும். காயத்தை மூடுகிற திசு இருப்பது அந்த வளையத்தில்தான். அதற்கு வெளியே, அதை ஒட்டி வெட்ட வேண்டும். தண்டோடு வழித்து வெட்டினால் வளையமே போய்விடும், காயம் மூடாது. ஒரு முழம் கட்டையை நீட்டிவிட்டால் அது காய்ந்து, கரையானுக்கும் பூஞ்சைக்கும் உள்ளே போக வாசலாகும். அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து 1970களில் விளக்கிய உண்மை இது: மரத்தின் காயம் நம் தோல் மாதிரி ஆறுவதில்லை. அழுகலைச் சுற்றி உள்ளுக்குள் தடுப்புகள் எழுப்பி, வெளியே புதுக்கட்டையால் மூடிவிடுகிறது மரம். அந்த வேலைக்கு நாம் இடைஞ்சல் செய்யாமல் இருந்தால் போதும்.

6. கனமான கிளைக்கு மூன்று அறுப்பு. ஒரே அறுப்பாக மேலிருந்து அறுத்தால், பாதியிலேயே கிளை தன் பாரத்தில் தொங்கி, தண்டின் பட்டையை ஒரு பாகம் நீளத்துக்கு உரித்துக்கொண்டு விழும். முதலில் தண்டிலிருந்து ஓரடி தள்ளிக் கிளையின் அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் அறுங்கள். அதிலிருந்து இரண்டு மூன்று அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து அறுத்தால் பாரம் சுத்தமாகப் பிரிந்து விழுந்துவிடும். மிஞ்சிய குட்டைக் கட்டையை மூன்றாவது அறுப்பில், வளையத்தை ஒட்டி எடுங்கள். கீழே கார், கூரை, மதில் ஏதாவது இருந்தால் கிளையை முதலில் வடக்கயிற்றில் கட்டிக்கொண்டு மெதுவாக இறக்க வேண்டும். 'அதெல்லாம் வேண்டாம் சார், பார்த்துக்கலாம்' என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

7. வெட்டுவாயில் தார், பெயின்ட், சிமென்ட் பூச வேண்டாம். அழுகலை அவை தடுப்பதில்லை. ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கத்தான் உதவும். மா போன்ற பழமரங்களுக்கு மட்டும் வேளாண் துறையினர் போர்டோ பசை பூசச் சொல்வார்கள். அது பூஞ்சையைத் தடுக்கும் மருந்து என்பதால் தாருக்குச் சொன்னது அதற்குப் பொருந்தாது. மயில்துத்தம் 100 கிராம், நீர்த்த சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் மொத்தம் ஒரு லிட்டர். இரண்டையும் தனித்தனியாக பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்துப் பிறகு கலக்குங்கள். இரும்புப் பாத்திரம் கூடாது. கலந்ததும் ஒரு பழைய கத்தியைச் சற்று நேரம் முக்கிப் பாருங்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் வேண்டும். கலந்த அன்றே பூசிவிடுங்கள், கையுறை அவசியம்.

8. கன்றாக இருக்கும்போது செய்கிற கவாத்துதான் மலிவு. நட்டு நாலைந்து வருடத்துக்குள் மரத்தின் கட்டுமானத்தைத் தீர்மானித்துவிடலாம். செலவு ஒரு கத்தரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை. முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இரட்டைத் தலை. ஒரே பருமனில் இரண்டு தண்டுகள் குறுகிய கவையாகப் பிரிந்து நெருக்கியடித்து வளர்ந்தால், நடுவில் பட்டை மாட்டிக்கொள்ளும். கட்டை சேராது. முப்பது வருடம் ஒன்றாக வளர்ந்து, ஒரு புயல் இரவில் அந்தக் கவையில்தான் மரம் இரண்டாகப் பிளக்கும். விரல் பருமனில் இருக்கும்போதே ஒன்றைத் தலைவனாக வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். ஓரளவு வளர்ந்துவிட்டதென்றால் ஒரேயடியாக எடுக்காமல், அதை வருடத்துக்குக் கொஞ்சமாகக் குட்டையாக்கிக்கொண்டே வந்தால் மற்றது முந்திக்கொள்ளும்.

9. பெரிய கிளையைக் குட்டையாக்கத்தான் வேண்டும் என்றால் நடுவில் எங்கேயோ வெட்டாதீர்கள். கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் பக்கக் கிளை புறப்படும் இடம்வரை வந்து வெட்டுங்கள். அந்தப் பக்கக் கிளை புதுத் தலைவனாகி வளர்ச்சியை இழுத்துக்கொள்ளும்; சிம்புக் கொத்தும் வராது.

10. உள்பக்கத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு நுனியில் மட்டும் இலைக்கொத்தை விட்டுவைப்பது நம் ஊரில் பரவலான பழக்கம். பார்க்க 'நீட்டாக' இருக்கும். ஆனால் பாரம் முழுக்க நுனிக்குப் போய்விடுவதால் காற்றில் கிளை இன்னும் வேகமாக ஆடி முறியும். எதை எடுத்தாலும் கிளை நெடுகப் பரவலாக எடுக்கச் சொல்லுங்கள். கீழ்க்கிளைகளை உயர்த்துவதிலும் அளவு உண்டு: நடைபாதைக்கு மேல் 8 அடி, வண்டிப் பாதைக்கு மேல் 14, 15 அடி இடைவெளி போதும். அதற்கு மேல் உயர்த்திக்கொண்டே போனால் மரம் தலைக்கனம் பிடித்து நிற்கும்.

11. மரத்துக்கு மரம் குணம் வேறு. வர்தாவில் அதிகம் அடிபட்டவை என்று பலரும் சொன்னது மயில்கொன்றை, இயல்வாகை, தூங்குமூஞ்சி போன்ற வெளிநாட்டு வரவுகளைத்தான். குடைபோல் விரியும் தலை, ஆழமில்லாத வேர், சீக்கிரம் முறியும் கட்டை. இவை இருக்கும் வளாகத்தில் வருடாந்திரக் கவாத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மரமல்லியின் கட்டையும் எளிதில் முறியும். மணத்துக்காகப் பால்கனியோரம் நட்டிருப்பார்கள், வாகனம் நிறுத்தாத பக்கமாக இருக்கட்டும். பூவரசு, புங்கம், மகிழம், நாவல் ஆகியவற்றுக்குக் காய்ந்ததை எடுத்தாலே பெரும்பாலும் போதும். அரசும் ஆலும் தண்டு பருத்து நிற்கும்போது மரத்தைக் காட்டிலும் மதில்தான் கவலை. விரிசலில் முளைக்கும் கன்றை மழை முடிந்த கையோடு வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

வேம்பைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மழைக்காலமும் பனிக்காலமும் சேரும் மாதங்களில் வேப்பமரத்தின் நுனிகள் தீய்ந்ததுபோல் பழுப்பாவதைச் சமீப வருடங்களில் தமிழ்நாடெங்கும் பார்க்கிறோம். தேயிலைக் கொசு என்னும் பூச்சியும், நுனிக்கருகல் பூஞ்சையும் காரணம். 'மரம் செத்துடுச்சு' என்று பல இடங்களில் அடியோடு சாய்த்துவிட்டார்கள். அவசரப்படாதீர்கள். வெயில் ஏறும் மாசி, பங்குனியில் பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்த்துவிடுகின்றன. துளிர்த்த பிறகு, துளிர்க்காத சுள்ளியை மட்டும் எடுத்தால் போதும்.

12. தென்னையை மரமாகவே நினைக்காதீர்கள். அதற்குக் காயத்தை மூடும் திறமை கிடையாது. 'சுத்தம் பண்றேன்' என்று பச்சை மட்டையை ஒட்ட வெட்டினால் அந்த வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து சேரும். காய்ந்த மட்டை, பன்னாடை, காய்ந்த பாளை ஆகியவற்றை எடுங்கள். பச்சை மட்டையை எடுக்கவே வேண்டியிருந்தால் தண்டிலிருந்து நான்கு அடி விட்டு வெட்டுங்கள். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மட்டைதான் புதிதாக விடுகிறது என்பதை ஆள் மேலே ஏறும்போதே சொல்லிவிடுங்கள். மழைக்கு முன் முற்றிய காயை இறக்கிவிடுங்கள்; புயல் எச்சரிக்கை வந்தால் இளநீர்க் குலையையும் சேர்த்து இறக்குவது நல்லது.

13. முருங்கை விதிவிலக்கு. அதை வருடா வருடம் தாராளமாகக் குட்டையாக்கலாம், கட்டை அவ்வளவு மென்மை. வெட்டிய போத்தில் மூன்றடி நீளத் துண்டுகளை மழை தொடங்கும்போது நட்டால் புது மரம். மாமரத்துக்கு அறுவடை முடிந்ததும் கவாத்து. தள்ளிப்போட்டு மார்கழி நெருங்கும்போது வெட்டினால் அடுத்த பூவை வெட்டியதாகிவிடும்.

14. மின்கம்பிக்குப் பக்கத்தில் போகும் கிளையை நீங்களும் தொடாதீர்கள், மரம் வெட்டுபவரையும் தொடவிடாதீர்கள். ஈரக்கிளை மின்சாரத்தைக் கடத்தும். அலுமினிய ஏணி, இரும்புத் தொரட்டி இரண்டும் இன்னும் மோசம். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. மின்சாரத்தை நிறுத்தி, அவர்கள் ஆளே வந்து வெட்ட வேண்டும். புறநகரில் இன்னும் கம்பிகள் மேலேதான் போகின்றன. மழைக்காலத்தில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது என்பதால் ஆகஸ்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

15. தெருவில் நிற்கும் மரம் உங்கள் வாசலில் இருந்தாலும் உங்களுடையது அல்ல. சென்னையில் மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள். மற்ற ஊர்களில் அந்தந்த உள்ளாட்சி அலுவலகம். வளாகத்துக்குள் இருக்கும் மரமானாலும், அடியோடு எடுக்கும் எண்ணமிருந்தால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது தலைவலியைத் தவிர்க்கும்.

16. 'கூலி வேண்டாம், கட்டையை எடுத்துக்கிறோம்' என்பவரை நம்பி மரத்தை ஒப்படைக்காதீர்கள். அவர் கெட்டவர் என்பதில்லை. அவர் கூலி தடித்த கிளையில் இருக்கிறது. வெட்ட வேண்டியதோ பெரும்பாலும் காய்ந்த சுள்ளியும் மணிக்கட்டுப் பருமனுக்குக் குறைந்த கிளையும். நாள் கூலி பேசுங்கள். வெட்ட வேண்டிய ஒவ்வொரு கிளையிலும் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள், கட்டாததைத் தொடக்கூடாது என்று சொல்லுங்கள். வேலை முடியும்வரை சங்கத்தின் ஆள் ஒருவர் மரத்தடியில் நிற்க வேண்டும். இதை வாட்ச்மேன் தலையில் கட்டாதீர்கள்.

17. ஏறுபவருக்கு இடுப்புப் பட்டையும் தலைக்கவசமும் கயிறும் இருக்கிறதா என்று பார்ப்பது சங்கத்தின் பொறுப்பு. கிளைக்கு அரிவாளைவிட மடக்குக் கைரம்பம் நல்லது. அரிவாள் வெட்டு நார் நாராகப் பிய்ந்து நிற்கும், காயம் மூட நாளாகும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகும்முன் ரம்பத்தை ஸ்பிரிட்டில் துடைக்கச் சொல்லுங்கள். ஈரப்பட்டையில் யாரையும் ஏற்றாதீர்கள், அவர் எத்தனை வருட அனுபவசாலியானாலும்.

18. கூடு இருக்கிறதா? காகம் கோடையில். மடையான் மழைக்காலத்தில் நகரத்துப் பெரிய மரங்களில்கூடக் கூடுகட்டும். குஞ்சு இருந்தால் அந்தக் கிளையைச் சில வாரம் விட்டுவைப்பதில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆவணியில் வெட்டச் சொன்னதில் இந்த வசதியும் உண்டு.

19. விழுகிற மரங்களில் பல விழுவது தலையால் அல்ல, காலால். அடிமரம் வரை சிமென்ட் பூசியோ, பேவர் கல் பதித்தோ விட்டால் வேருக்குக் காற்றும் இல்லை, நீரும் இல்லை. கவாத்துக்குச் செலவழிக்கும்முன் அதை உடையுங்கள். டெல்லி மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டரை நம் வளாகத்திலும் விட்டுவைக்கலாம். கேபிளுக்கோ குழாய்க்கோ பள்ளம் தோண்டும்போது ஒரு பக்க வேரை மொத்தமாக அறுத்துவிடுவது இன்னொரு கொடுமை. அடுத்த புயலில் மரம் எந்தப் பக்கம் விழும் என்பதை அந்தப் பள்ளமே முடிவுசெய்துவிடுகிறது. தண்டில் ஆணி அடித்துப் பெயர்ப்பலகை, சீரியல் விளக்கு மாட்டுவதையும் இந்தச் சாக்கில் நிறுத்திவிடுங்கள்.

20. வெட்டிய தழையை அன்றே அப்புறப்படுத்துங்கள். மழைநீர் வடிகால் வாயில் ஒரு கூடை சருகு போதும், வாசலில் முழங்கால் தண்ணீர் நிற்கும். எரிப்பது சட்டப்படியும் தவறு, புகையும் தாங்காது. சருகை ஒரு மூலையில் கம்பிவலைத் தொட்டியில் கொட்டி, சமையலறைக் கழிவோடு அடுக்கடுக்காகப் போட்டுப் புளித்த மோரோ சாணக் கரைசலோ தெளித்துவந்தால் சில மாதங்களில் உரமாகும். மரத்தடியில் மூடாக்காகப் பரப்புவதாக இருந்தால் தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் பரப்புங்கள். தண்டை ஒட்டிக் குவித்தால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும்.

21. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் எண், பெயர், இடுப்புயரத்தில் சுற்றளவு, கடைசியாகக் கவாத்து செய்த மாதம், எடுத்த கிளைகள், ஒரே இடத்தில் நின்று எடுத்த வருடாந்திரப் படம். செயலாளர்கள் மாறுவார்கள், நோட்டு மாறாது. 'போன கமிட்டிக்காரங்க என்ன வெட்டினாங்கன்னே தெரியலை' என்ற பொதுக்குழுச் சண்டை ஒன்றாவது குறையும்.

22. புயல் எச்சரிக்கை வந்த பிறகு கவாத்து கிடையாது. தொங்கிக்கொண்டிருக்கும் முறிந்த கிளையை இறக்குங்கள், வெட்டிக் கிடக்கும் கட்டைகளை உள்ளே தள்ளுங்கள், வடிகாலைத் திறந்துவிடுங்கள், கார்களை மரத்தடியிலிருந்து நகர்த்துங்கள். காற்று ஓய்ந்ததும் அறுந்த மின்கம்பி எதுவும் கிளையில் சிக்கியிருக்கிறதா என்று தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு மின்னகத்துக்குச் சொல்லுங்கள். சாய்ந்துபோன இளமரத்தை உடனே கைகழுவ வேண்டாம். வேரில் ஒரு பகுதியாவது மண்ணுக்குள் இருந்தால் ஈரச்சாக்கால் மூடிவைத்து, ஓரிரு நாளுக்குள் குழியை அகலப்படுத்தி நிமிர்த்துங்கள். மூன்று பக்கம் முட்டுக்கொடுத்து, கட்டும் இடத்தில் பழைய டயர் டியூபைச் சுற்றிக் கட்டுங்கள். முட்டு ஒரு வருடம் இருக்கட்டும். அந்த வருடம் அந்த மரத்துக்குக் கத்தியே வேண்டாம். முறிந்ததை எடுப்பதோடு சரி.